கல்லும் லைன் கிளியரும்

மின்வாரியத்தில் கேங்மேன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு எழுதுகிறேன். கம்பம் ஏறுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிவிட்டார்கள். நான் தண்ணீர் குடிப்பதைப் பற்றி எழுதுகிறேன். சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒப்பந்தக்காரரிடம் கம்பம் தூக்கி, பிறகு ஹெல்பர், வயர்மேன், கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர். முப்பத்து மூன்று வருஷம். எல்லாம் அறந்தாங்கிக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் நடுவில். அந்தப் பக்கம் கண்மாய் உண்டு, சீமைக்கருவை உண்டு. நிழல் கிடையாது. பங்குனி பிறந்துவிட்டால் கம்பத்தில் கை வைக்க முடியாது, சுடும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏறினால் வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்குவது. நடுவில் ஒண்ணுக்குப் போக இறங்கினால் அன்றைக்கு முழுக்கக் கேலி.

“என்னப்பா, அதுக்குள்ள எறங்கிட்ட? மாசமா இருக்கியா?”

“சின்னப்புள்ளைக்கு மாட்டுற ஜட்டி ஒண்ணு வாங்கித் தாரேன். மாட்டிக்கிட்டு ஏறு.”

இதற்குப் பயந்து காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். டீ குடிப்போம். டீயைத் தண்ணீர் கணக்கில் சேர்க்க மாட்டோம். மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர். அதோடு சாயங்காலம்தான். கயிறு, ஏணி, ராடு எல்லாம் வண்டியில் போகும். தண்ணீர் கேன் வைக்க மட்டும் இடம் இருக்காது. போகிற ஊரில் கேட்டால் கொடுப்பார்கள். சில ஊரில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே ஊற்றிவிடுவோம். வேர்வையோ சட்டையில் உப்புக்கோடு போடும் அளவுக்கு ஊற்றும். உள்ளே போவது கொஞ்சம், வெளியே வருவது நிறைய. இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல வயர்மேன் என்றால் இறங்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் கல் எனக்கு முப்பத்தெட்டு வயதில் வந்தது. ஆவுடையார்கோவில் ரோட்டில் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்க இடுப்பில் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகியது போல இருந்தது. வாய்வு என்று நினைத்தேன். சோடா குடித்தேன். பெருங்காயம் போட்டேன். உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி, படுத்தாலும் வலி. பிரசவ வலியும் இதுவும் ஒன்று என்பார்கள். என் வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

“நான் பெத்தது ரெண்டு. ரெண்டு தடவையும் கையில புள்ள இருந்துச்சு. நீங்க பெத்தது கல்லு” என்றாள்.

ஸ்கேன் எடுத்ததில் சின்னக் கல். தண்ணீர் குடித்தால் தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். செக்சன் ஆபீசில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு. ஒருவர் தக்காளியை எடுத்து எறி என்றார். ஒருவர் பீர் குடித்தால் கரைந்துவிடும் என்று சொல்லி அவரே வாங்கிக் குடித்தார், எனக்காக. டாக்டரிடம் கேட்டேன். வாழைத்தண்டு சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள் என்றார். பீரை மருந்து என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்றார்.

பத்தாம் நாள் கல் வந்தது. சீரகம் அளவு. இத்தனூண்டா என்று எனக்கே ஏமாற்றம். தீப்பெட்டியில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தேன். வலி மறந்தது. தண்ணீரும் மறந்தது. கல் வந்தவனுக்கு மறுபடி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி இல்லாத நாளில் அது காதில் ஏறாது. அதனால்தான் வலி இல்லாத உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இது நடந்து பதினோரு வருஷம் இருக்கும்.

முந்தின நாள் சாயங்காலக் காற்றில் புளியமரக் கிளை ஒன்று லைனில் விழுந்து, இரண்டு கம்பங்களில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்துவிட்டது. பதினோராயிரம் வோல்ட் போகும் லைன். ஊரே இருட்டு. அந்த ஊரில் விடிந்தால் ஒரு வீட்டில் காதுகுத்து. பந்தல் போட்டாகிவிட்டது. மைக் செட் வந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடவில்லை. காலையிலிருந்து எனக்கு எட்டு போன்.

அன்றைக்கு எழுந்தபோதே இடது இடுப்பில் பிடிப்பு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. எனக்குத் தெரியும் இது என்ன என்று. சொல்லவில்லை.

“என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?” என்றாள் வீட்டுக்காரி.

“ஒண்ணுமில்ல.”

வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் அந்த மாத்திரைக்குக் குடித்ததுதான்.

வேலைக்கு இரண்டு பேர். நானும் அந்தோணியும். அந்தோணி என்னைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல வேலைக்காரன், வாய் கொஞ்சம் நீளம். உடைந்த பீங்கான் ஒன்று ரோட்டோரக் கம்பத்தில், அது எனக்கு. இன்னொன்று கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவைக்காட்டுக்குள் இருக்கிற கம்பத்தில், அது அவனுக்கு. என் கம்பத்திலிருந்து பார்த்தால் அவன் தெரிய மாட்டான். கரை வழியாக நடந்து போக வேண்டும்.

சப்ஸ்டேஷனுக்கு, எங்கள் பேச்சில் எஸ்.எஸ்.ஸுக்கு, போன் செய்து லைன் கிளியர் வாங்கினேன். எல்.சி. என்போம். அங்கே லைனை அணைத்துவிட்டு, இனி நீ ஏறிக்கொள் என்று நம் பேரில் கொடுப்பது. யார் பேரில் வாங்கியதோ அவர் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி லைன் போடுவார்கள். எழுத்தில் வாங்கி எழுத்தில் திருப்ப வேண்டும் என்பது சட்டம். நாங்கள் போனில் வாங்கி, போனில் திருப்பிக்கொண்டிருந்தோம். குரல்தான் கையெழுத்து. அது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

காலை ஷிப்டில் ஒரு பொம்பளப்பிள்ளை ஆபரேட்டராக இருந்தது. மூன்று வருஷமாக அந்தக் குரலோடு வேலை பார்த்தேன். முகம் பார்த்ததில்லை. பேர் கேட்டதில்லை. நான் “ஆபரேட்டரம்மா” என்பேன். அது “ராசண்ணே” என்னும். எல்.சி. கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்கும்.

“எத்தன பேருண்ணே ஏறுறீங்க?”

“ரெண்டு.”

“ரெண்டு பேரும் எறங்குனதும் சொல்லுங்க.”

எங்களிடம் எர்த் ராடு ஒன்றுதான் இருந்தது. லைனில் தவறிப்போய்க் கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற சாமான் அது. என் கம்பத்தில் பாதி ஏறி அதை லைனில் மாட்டினேன். அந்தோணி ஏறினான். நானும் மேலே போனேன்.

பன்னிரண்டரை மணி இருக்கும். என் பீங்கானை மாற்றிவிட்டேன். கம்பியை இழுத்துக் கட்டும்போது அது வந்தது. இடுப்பில் பிடித்து, வயிற்றைச் சுற்றி, கீழே விதை வரைக்கும் இறங்கியது. கண் இருட்டிவிட்டது. பெல்ட் இல்லாவிட்டால் விழுந்திருப்பேன். கட்டை முடித்தேன். எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. கம்பத்தடியில் வாந்தி எடுத்தேன். அதுவும் பச்சையாக.

காதுகுத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

“ஏய், லைன்மேனுக்குக் கரண்டு அடிச்சிருச்சுப்பா!”

“கரண்டே இல்லாம எப்புடிடா அடிக்கும்?”

“மோரக் குடுங்க, மோர!”

காது குத்துகிற பிள்ளையின் தாய்மாமன் வந்தார். குவைத்திலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்தவர். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. நல்ல மனுஷன். நான் கழற்றிப் போட்டிருந்த சட்டையையும் அதிலிருந்த போனையும் என் கையில் கொடுத்து, என்னைத் தூக்கி, அவர் வாடகைக்கு எடுத்திருந்த காரில் பின்சீட்டில் போட்டார். புதுக்கோட்டைக்கே போய்விடலாம் என்றார். கார் கிளம்பிவிட்டது.

நான் போனில் அந்த நம்பரை எடுத்து அவரிடம் கொடுத்தேன். “எஸ்.எஸ்.ல சொல்லிடுங்க” என்றேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு உடம்பு முடியவில்லை, எல்.சி. அப்படியே இருக்கட்டும், வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். அது என் மண்டைக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்தது பாதி.

அவர் முன்சீட்டில் உட்கார்ந்து போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“கரண்டு ஆபீஸ்ங்களா? இங்க வேலையெல்லாம் ஆயிருச்சுங்க. லைன்மேனுக்கு ஒடம்புக்கு ஆகல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க லைனப் போட்டுருங்க.”

அவர்மேல் தப்பில்லை. ஆள் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டார், கயிறு சுருட்டியாகிவிட்டது, காரில் போகிறார். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். கருவைக்காட்டுக்குள் இன்னொருவன் இருப்பது அவருக்குத் தெரியாது.

“நீங்க யாருங்க?” என்றது ஆபரேட்டரம்மாவின் குரல்.

“நான் விசேச வீட்டுக்காரன்.”

“ராசண்ணன்கிட்டக் குடுங்க.”

“அவரு பேசுற நெலமையில இல்லம்மா. அங்க ஜனம் தண்ணியில்லாம நிக்கிது.”

“அவரு பேசாம நான் லைன் போட மாட்டேங்க.”

அப்போதுதான் என் காதில் ஏறியது. எழுந்து போனைப் பிடுங்கினேன்.

“போடாத. ஆள் இருக்கு.”

“யாரு பேசுறது?”

“நான்தாம்மா. ராசு.”

அது சொன்னது: “ராசண்ணன் குரல் இப்புடி இருக்காது.”

வலியில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்கு எப்படித் தெரியும்?

“யாரா வேணாலும் இருங்க. நான் லைன் போடல. ஆனா ரெண்டு மணிக்கு எனக்கு ஆள் மாறும். வர்றவருக்கு ராசண்ணன் குரல் அவ்வளவாத் தெரியாது. நான் சொல்லிட்டுப் போனாலும், போன்ல யாராவது எல்.சி. ரிட்டர்னுன்னு சொன்னா நம்பிருவாரு. ரெண்டு மணிக்குள்ள ராசண்ணன் பேசணும்.”

மணி ஒன்று பத்து.

“வண்டியத் திருப்புங்க” என்றேன்.

தாய்மாமன் திரும்பிப் பார்த்தார். “என்னண்ணே வெளையாடுறீங்க? ஒங்களுக்கு உசுரு போய்க்கிட்டிருக்கு.”

“கல்லுல எனக்குப் போகாது. அங்க ஒருத்தன் கம்பத்துல இருக்கான். அவனுக்குப் போயிரும்.”

டிரைவரிடம் சொல்ல வேண்டியதே இல்லை, திருப்பிவிட்டான்.

கண்மாய்க்கரையில் கார் ஏறாது, ரோட்டில் என் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. நான் காரைவிட்டு இறங்கினேன், கால் நிற்கவில்லை. கரைச்சரிவில் உட்கார்ந்துவிட்டேன். அந்தோணிக்குப் போன் செய்தால் எடுக்க மாட்டான். மேலே ஏறும்போது போனைச் சட்டையோடு கழற்றிக் கீழே கிளையில் மாட்டிவிடுவோம். யாராவது போய்த்தான் கூப்பிட வேண்டும்.

“நான் போறேன்” என்றார் தாய்மாமன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். கருவைமுள் கிழித்த வேட்டியைப் பிற்பாடு பார்த்தேன். விசேஷத்துக்கு எடுத்த வேட்டி.

அவர் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். என் கம்பத்தடியில், கயிற்றுக்குப் பக்கத்தில், எர்த் ராடு கிடந்தது.

நான்தான் கழற்றியிருக்கிறேன். வேலை முடிந்தால் இறங்கும்போது எர்த்தை எடுப்பது இருபது வருஷப் பழக்கம். கண் இருட்டிய நேரத்திலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. அங்கே அந்தோணி இருக்கிற லைனில் எர்த் இல்லை. ஆபரேட்டரம்மாவின் பிடிவாதத்தைத் தவிர அவனுக்கும் சாவுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை.

எடுத்து மாட்ட எழுந்தேன். கம்பத்தைப் பிடித்து ஒரு கால் வைத்தேன். இரண்டாவது கால் வரவில்லை. விழுந்தேன். மறுபடி ஏறப் பார்க்கவில்லை. ஏறி மேலிருந்து விழுந்தால் பேச ஆள் இருக்காது, நான் பேசாவிட்டால் எல்.சி.க்கு ஆள் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை நினைவோடு இருப்பது. மணலைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வாந்தி வந்தது, எடுத்தேன். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அன்றைக்குத்தான் தண்ணீரைப் பார்த்ததும் அழுகை வந்தது.

கருவைக்காட்டுக்குள் நடந்ததை அந்தோணி பிறகு சொன்னான். பட்டு வேட்டி கட்டிய ஒரு ஆள் கீழே நின்றுகொண்டு இறங்கு இறங்கு என்று கத்தியிருக்கிறார்.

“நீங்க யாருங்க?”

“ஒங்க அண்ணன் எறங்கச் சொன்னாரு!”

“எங்கண்ணன் சொல்லணும்னா அவரு வருவாரு. கரண்டு வேணும்னு அவசரப்பட்டா நான் எறங்க முடியாது. இன்னும் ஒரு கட்டு இருக்கு.”

“அட கிறுக்கா, அவரு சாகக் கெடக்காருடா!”

“அத மொதல்ல சொல்ல வேண்டியதுதான?”

கடைசிக் கட்டைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். இரண்டு பேரும் கரையில் ஓடி வந்தார்கள். அவனைத் தரையில் பார்த்ததும் எனக்கு வலி பாதி போனது போல இருந்தது. போகவில்லை. ஆனால் அப்படி இருந்தது.

“சாமானெல்லாம் எடுத்தியா?”

“எடுத்தாச்சு.”

“லைன்ல ஏதாவது தொங்குதா?”

“ஒண்ணும் இல்ல. நீங்க மொதல்ல கெளம்புங்கண்ணே.”

மணி ஒன்று ஐம்பது. போன் போட்டேன்.

“ஆபரேட்டரம்மா. ராசு பேசுறேன்.”

“ராசண்ணன்னா ஒண்ணு கேப்பேன். சொல்லுங்க. போன வாரம் கடைசியா எந்த லைனுக்கு எல்.சி. வாங்குனீங்க?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மண்ணில் புரண்டுகொண்டிருக்கிறேன். பரீட்சை வைக்கிறது.

“பெரிய கண்மாய் மோட்டார் லைன்.”

“எத்தன பேரு ஏறுனீங்க?”

“மூணு.”

“திருப்பிக் குடுக்கும்போது என்கிட்ட என்ன கேட்டீங்க?”

“சாப்பிட்டியான்னு கேட்டேன். புளிச்சோறுன்ன. தொட்டுக்க என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்ன. போதுமா? தாயே, உசுரு போகுது.”

சின்னச் சிரிப்பு ஒன்று கேட்டது. பிறகு குரல் தொழிலுக்குத் திரும்பிவிட்டது.

“சொல்லுங்கண்ணே.”

“ரெண்டு பேரும் கீழ இருக்கோம். எர்த் எடுத்தாச்சு. லைன் போடலாம்.”

நாங்கள் கார்க்கதவைச் சாத்தும்போது காதுகுத்து வீட்டு மைக் செட் பாடியது.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் வயசானவர். கல் பெரிசு, சிறுநீர் வரும் குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். நான் அவரிடம் கல்லில் உயிர் போகாதே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரு சொன்னது? அடைச்சிக்கிட்டு, காய்ச்சலும் வந்துட்டா போகும். நல்லாவே போகும்.”

நான் காரில் பேசிய வீரத்துக்கு மரியாதை அங்கேயே போய்விட்டது. இடுப்பு வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், வாந்தி நிற்காவிட்டால், அதற்குமேல் சாறும் கஷாயமும் பார்க்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி. தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவும் கூடாது. அந்த மாத்திரையே கிட்னிக்கு ஆகாது என்று எனக்குத் திட்டு.

முதலில் உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு கல்லை உடைத்து எடுத்தார்கள். குழாய் சில வாரம் உள்ளேயே இருந்தது. நடந்தால் உறுத்தும். ஒண்ணுக்குப் போனால் எரியும். அடிக்கடி முட்டும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதை எடுக்கச் சொன்ன நாளில் போய் எடுத்துவிட வேண்டும். வலி இல்லை என்று மறந்துவிடக் கூடாது.

டாக்டர் கேட்ட கேள்வி எல்லாம் என் வேலையைப் பற்றித்தான். வெயிலில் எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை டீ, ஊறுகாய் கருவாடு எவ்வளவு. தக்காளியை விட்டுவிட்டேன் என்றேன்.

“தக்காளி பாவம். அது மேல ஏன் பழியப் போடுறீங்க? தண்ணி குடிச்சீங்களா?”

“எங்க ஊருப் பக்கம் உப்புத்தண்ணி சார்.”

“உப்புத்தண்ணின்னு சொல்லிக் குடிக்காம இருந்தீங்க பாருங்க, அதுதான் கல்லு. வீட்டுலேர்ந்து கொண்டு போங்க.”

பாலையும் மோரையும் நிறுத்த வேண்டாம் என்றார். கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது என்று நாமாகப் பாலை நிறுத்திவிடுவோம், அது தப்பாம். சோற்றில் உப்பைக் குறை. ஊறுகாய், அப்பளம், கருவாடு தினமும் வேண்டாம். கறியை அளவாகச் சாப்பிடு. எலுமிச்சம்பழம் பிழிந்து குடி, அதில் உப்பு அள்ளிப் போடாதே. டீயைக் குறை. எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும் என்று கேட்டேன். வெயிலில் வேலை பார்க்கிறவனுக்கு மூன்றும் போதாது, லிட்டரை எண்ணாதே, சிறுநீர் நிறத்தைப் பார் என்றார். வெளுப்பாகப் போனால் போதும். மஞ்சள் ஏறினால் குடி. இதய நோயோ வேறு கிட்னிக் கோளாறோ இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேட்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. பழக்கமில்லை. சாப்பிட்டியா என்றேன்.

“எலுமிச்சம்சோறு. இன்னிக்கு உருளைக்கிழங்கு இருக்கு” என்றது. “கொரல் சரியாயிருச்சுண்ணே. இனிமே கேள்வி கேக்க மாட்டேன்.”

“கேளு. எப்பவும் கேளு” என்றேன்.

மூன்றாம் நாள் அந்தோணி பார்க்க வந்தான். ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்திருந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து அவனே உரித்துத் தின்றான். வீட்டுக்காரியை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

“அந்தோணி, அன்னிக்கு நீ மேல இருக்கும்போதே எர்த்த நான் எடுத்துட்டேன்டா.”

வாயில் போட்ட சுளையை மெல்லவில்லை.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. ஏ.இ.கிட்டச் சொல்லப் போறேன்.”

“சொல்லுங்க. எங்க வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க. அவ என்னைய வேலைக்கு விடமாட்டா.”

“சரி.”

“நான் ஏறும்போது இனிமே கீழ யாரு நிப்பா?”

“ஒனக்கு யாரு வேணுமோ கேட்டு வாங்கிக்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

மிச்ச ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தான். “நீங்கதான் நிக்கணும். புதுசா ஒருத்தன் வந்தா, அவன் இந்தத் தப்ப இனிமேதான் பண்ணுவான். நீங்க பண்ணி முடிச்சிட்டீங்க.”

உதவிப் பொறியாளரான ஏ.இ.யிடம் சொன்னேன். மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எங்கள் கேங்குக்கு இன்னும் மூன்று எர்த் ராடு வந்தது. எல்.சி.யை எழுதி வாங்கி எழுதித் திருப்பும் பழக்கமும் வந்தது. வேலை பார்க்கிற ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு பக்கமும் எர்த் போட்டோம். உடம்பு சரியில்லை என்றால் ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னவனை யாரும் கேலி செய்யக் கூடாது. அவனைக் கீழே நிறுத்துங்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புங்கள். மேலே போன பிறகு வலியை மறைப்பவன் தன் உடம்பை மட்டும் மறைக்கவில்லை. பக்கத்துக் கம்பத்துக்காரனின் உயிரையும் சேர்த்துத்தான் மறைக்கிறான்.

வண்டியில் கயிற்றுக்கு முன்னால் தண்ணீர் கேனை ஏற்றினோம். ஏறுவதற்கு முன் ஆளுக்கு ஒரு சொம்பு. இறங்கியதும் ஒரு சொம்பு. முட்டினால் இறங்கு. இதில் வெட்கம் என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு எனக்குக் கல் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கிறேன். ஓய்வு பெறும்வரை அந்தோணி ஏறும்போது கீழே நான்தான் நின்றேன். ஆனால் குடிக்கிற தண்ணீர் சும்மா இருக்காது. எனக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்தது. கீழே ஆள் இல்லாமல் மேலே ஆள் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. அதனால் நான் ஒதுங்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அவனை இறங்கச் சொல்லுவேன். காலையில் ஒரு தடவை. பதினோரு மணிக்கு ஒரு தடவை. வெயில் ஏறிவிட்டால் கணக்கே இல்லை.

“எறங்குடா, அந்தோணி.”

மேலிருந்து பார்ப்பான். “கல்லு வந்தது ஒங்களுக்கு. ஏறி எறங்கிச் சாகுறது நானா?”

“எறங்கு. அவசரம்.”

திட்டிக்கொண்டே பெல்ட்டைத் தளர்த்துவான். அவன் இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்துவிட்டு, நான் கருவை மறைவுக்கு நடப்பேன். திரும்பி வரும்போது அவன் கேனைச் சாய்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.